வானொலியில் பாட்டும் கதையும் தேடிப் பிடிப்பது எப்படி? ஒரு நேயரின் முழு வழிகாட்டி

பால் பொங்கியதால் ஒரு பாட்டைத் தவறவிட்டேன். இந்த வழிகாட்டி அங்கேதான் தொடங்குகிறது.

மார்கழி விடியல். சமையலறை ஜன்னலில் ரேடியோ. திருச்சி நிலையத்தில் வயதான ஓர் ஆண் குரல் பாடிக்கொண்டிருந்தது. தமிழ்க் கீர்த்தனை, ஆனால் ராகம் நான் அதுவரை கேட்டேயிராதது. தெரிந்த ஒரு ராகத்தின் பக்கம் போகிற மாதிரி போய், கடைசி நொடியில் வேறு சந்தில் திரும்பிவிடும். அப்போது பார்த்துப் பால் பொங்கியது. அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அறிவிப்பாளர் பாடியவர் பெயர், ராகம், இயற்றியவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். கையில் மிஞ்சியது, மளிகை ரசீதின் பின்பக்கம் அவசரமாகக் கிறுக்கிய ஒரே ஒரு சொல்: "குஞ்சரம்". ஏதோ யானைப் பாட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வானொலி ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்லும். செல்போனில் நாம் கேட்ட பாட்டு வரும். வானொலியில் நாம் கேட்காத பாட்டு வரும். கேட்காமல் வந்ததைக் கைநழுவ விடாமல் வைத்துக்கொள்ள ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

பொது வானொலி என்று நான் சொல்வது மக்கள் பணத்தில் நடக்கும் நிலையங்களை. நம்மூரில் ஆகாசவாணி, கடல் தாண்டினால் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், மலேசியாவில் மின்னல் எப்.எம். சென்னையில் இந்தப் 'பொது' என்ற சொல்லுக்கு நேரடியான பொருளே இருந்த காலம் உண்டு. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி என்ற ஆர்வலர் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம், 1927-ல் பணமுடை வந்து மூடியபோது தன் ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரலில் இருந்து, குழாயும் விளக்கும் போட்ட அதே மாநகராட்சி பாட்டும் போட்டது. இன்றைய ஆகாசவாணியான ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல்தான் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி.

முதல் படி: பெட்டியா, செயலியா?

இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றுதான் முடியும் என்றால் செயலி. ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் நாடு முழுவதும் உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் நேரலையாகக் கிடைக்கின்றன. தமிழ் நிலையங்கள் மாநிலவாரியாக அடுக்கியிருக்கும். துபாயில் உட்கார்ந்துகொண்டு திருநெல்வேலியைக் கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: செயலியில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். அதை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யாதீர்கள்.

பெட்டி வாங்குவதானால் பண்பலையோடு (எப்.எம்.) மத்திய அலையும் (மீடியம் வேவ்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "எப்.எம். சூப்பரா எடுக்கும் சார்" என்பார்; மத்திய அலையை அவராகச் சொல்ல மாட்டார். சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ் என்று பழைய நேயர்களுக்கு மனப்பாடமான எண்கள் எல்லாம் மத்திய அலையில்தான். நாடெங்கும் சில மத்திய அலை ஒலிபரப்புகள் நின்றுபோய்விட்டன. ஆகவே உங்கள் ஊரில் எது எடுக்கிறது என்று முதலில் முள்ளைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பண்பலையில் சென்னை ரெயின்போ 101.4, கொடைக்கானல் 100.5, காரைக்கால் 100.3. கொடைக்கானலுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பண்பலை கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும் என்பார்கள். மலை உச்சியில் நின்றால் கண்ணுக்கு எட்டாதது என்ன இருக்கிறது? சமவெளியில் பல மாவட்டங்களுக்கு அது ஒன்றே சொந்த நிலையம் போல ஆனது அந்த உயரத்தால்தான்.

மத்திய அலை இரைகிறது என்று பெட்டியைப் பழிக்கும் முன் வீட்டைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் இந்த மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் அகப்படுவார். அடுத்து, பெட்டியை மேசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். மத்திய அலைக்கான ஏரியல் வெளியே நீட்டும் கம்பி அல்ல. உள்ளே படுத்திருக்கும் கருப்பு ஃபெரைட் தண்டு. அது நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக இருந்தால் ஒலி கனக்கும், நேராக இருந்தால் மெலியும். கால்வட்டம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். கம்பியை இழுத்து நீட்டிக்கொண்டு மாடியில் அலைவது பண்பலைக்கு மட்டும்தான் உதவும்.

இரவில் இதே பெட்டி வேறு ஆளாகிவிடும். வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்குகளில் கீழடுக்கு ஒன்று பகலில் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய், மேலடுக்கில் பட்டுத் தெறித்து, தொலைதூரத்தில் வந்து இறங்கும். மன்னார்குடியில் என் தாத்தா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே கொழும்பைத் திருப்பியதன் காரணம் இதுதான். அவருக்கு அயனி அடுக்கு தெரியாது. "ராத்திரியிலதான் சிலோன் பக்கத்துல வரும்" என்பார்.

இரண்டாம் படி: ஒரு வாரம் சும்மா கேளுங்கள்

நிகழ்ச்சி நிரலை அச்சில் தேடிக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள். ஒரு காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவே 'வானொலி' என்ற பெயரில் நிரல் இதழ் நடத்தியது, அதெல்லாம் பழங்கதை. இன்று உறுதியான வழி ஒன்றுதான். ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஏழு நாள். எந்த நேரத்தில் என்ன வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்ற தீர்ப்பு இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு வரைபடம் தெரியத் தொடங்கும். விடியற்காலையில் அடையாள இசை, வந்தே மாதரம், அதன் பின் மங்கல இசை, அதாவது நாகஸ்வரம். அந்த அடையாள இசையை ஒருமுறை நின்று கேளுங்கள். நாஜிகளின் கொடுமையிலிருந்து தப்பி 1934-ல் பம்பாய் வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசையறிஞர் அமைத்தது என்பார்கள். பம்பாய் நிலையத்தில் அவர் இசைப் பொறுப்பில் இருந்தவர். சிவரஞ்சனி ராகத்தின் சாயல். இத்தனை ஆண்டுகளாக நம் வீடுகளில் வாசல் தெளிக்கும் சத்தத்தோடு கலந்துவிட்ட அந்த மெட்டு, ஊர் இழந்து வந்த ஒருவர் போட்டது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது.

பெரிய நிலையத்தோடு நின்றுவிட வேண்டாம். திருநெல்வேலி, கோவை, மதுரை, நாகர்கோவில், புதுச்சேரி, காரைக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் தன் வட்டார வாடை உண்டு. சென்னை சபாக்களின் வாசல் மிதித்திராத நல்ல வித்வான்கள் இந்த நிலையங்களில் அரைமணி நேரம் பாடிவிட்டுப் போவார்கள். ஆகாசவாணி குரல் தேர்வு வைத்து, 'பி', 'பி ஹை', 'ஏ', 'ஏ டாப்' என்று கலைஞர்களைத் தரம் பிரிக்கும். அந்தத் தரத்தை அறிவிப்பில் சொல்வதில்லை, நல்லவேளை. 'பி ஹை' கலைஞர் ஒருவரின் தோடி, 'ஏ டாப்' தோடியை விட உங்களுக்குப் பிடித்துப்போனால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

மூன்றாம் படி: கதை எங்கே ஒளிந்திருக்கிறது

'சிறுகதை' என்று அறிவித்துவிட்டு வாசிப்பது ஒரு வகை. அது எளிதில் கண்டுபிடிக்கக் கூடியது. எனக்குக் கிடைத்த நல்ல கதைகளில் பாதி கதை என்ற பெயரே இல்லாத நிகழ்ச்சிகளில் இருந்தன.

வேளாண் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்து நேயர்கள் அதை வெட்டிவிட்டுத் தாண்டுவார்கள். பெரிய நஷ்டம். 1960-களின் பிற்பாதியில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் தஞ்சை வட்டாரத்துக்கு வந்தபோது, திருச்சி நிலையம் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே வயலில் இறக்கியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. ஒரு பயிருக்கு வானொலியின் பெயர் வந்த கதை இது. இன்றும் அந்த நேரத்தில் ஒரு விவசாயி மைக் முன்னால் உட்கார்ந்து, தன் கிணறு வற்றியதையும் மறுபடி ஊறியதையும் சொல்வார். எழுத்தாளர் எவரும் எழுதாத நடை. நிலையத்தார் கேள்வி கேட்கும்போது அவர் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு இழுப்பார் பாருங்கள், அதைக் கேளுங்கள்.

அந்த வேளாண் பக்கத்திலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் பணியைத் தொடங்கியவர். பிறகு சென்னையில் 'இன்று ஒரு தகவல்' சொல்லித் தமிழகத்தின் காலை நேரத்தையே பல ஆண்டுகள் தன் பெயரில் எழுதிக்கொண்டார். 2009-ல் மறைந்தார். அவருடைய பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. கதை கேட்கப் பழகுகிறவருக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் அதுதான். ஒரு தகவலை எடுத்துக்கொண்டு, எந்தக் குரலேற்றமும் இல்லாமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற சாவதானத்தோடு சொல்வார். முடியும்போது ஒரு குட்டிக் கதை வரும். நாம் சிரித்து முடிப்பதற்குள் அவர் போயிருப்பார். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். பத்துப் பதிவுகளை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றிலும் தகவல் எங்கே முடிகிறது, கதை எங்கே ஏறிக்கொள்கிறது என்று குறித்துப் பாருங்கள். தையல் தெரியாது.

நாடகங்களுக்கு வேறு காது வேண்டும். வானொலி நாடகத்தில் கதவு, செருப்பு, கிணற்று ராட்டினம் எல்லாமே வசனம்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பது என் வழக்கம். ஆகாசவாணியில் அகில பாரத நாடகம் என்று ஒரு மரபு உண்டு: ஒரு மொழியில் எழுதிய நாடகத்தைப் பல மொழிகளில் பெயர்த்து அந்தந்த நிலையங்கள் ஒலிபரப்பும். வங்காளத்துக் குடும்பச் சண்டை ஒன்றை மதுரைக் குரல்களில் கேட்பது தனி அனுபவம். உரைச்சித்திரம் என்ற வடிவத்தையும் விட்டுவிடாதீர்கள். பேட்டி, பின்னணிக் குரல், சூழல் ஒலி மூன்றையும் நெய்து செய்வது. நன்றாக அமைந்தால் அரைமணியில் ஓர் ஊரையே கட்டிக் கொடுத்துவிடும். மோசமாக அமைந்தால் புள்ளிவிவரப் பட்டியல். அப்போது தயங்காமல் எழுந்து போய்க் காபி போடலாம்.

ஆகாசவாணியின் பொழுதுபோக்கு அலைவரிசையான விவித் பாரதியின் 'ஒலிச்சித்திரம்' வேறொரு சரக்கு: திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலியாக மட்டும் தருவது. கொட்டகைக்குப் போக வழியில்லாத வீடுகளில் பல படங்களைப் 'பார்த்தது' இப்படித்தான். என் அத்தை ஒரு படத்தை ஒலிச்சித்திரமாகவே முப்பது வருடம் வைத்திருந்தார். பிறகு டி.வி.யில் பார்த்துவிட்டு, "கதாநாயகன் இவ்வளவு குள்ளமா?" என்று வருத்தப்பட்டார்.

நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொள்ள ஒரு தேதி: ஜனவரி 25. குடியரசு நாளுக்கு முந்தின இரவு சர்வ பாஷா கவி சம்மேளனம். நாட்டின் பல மொழிக் கவிஞர்கள் தங்கள் கவிதையை வாசிக்க, தமிழ் நிலையங்களில் அவற்றின் தமிழாக்கம் வரும். எல்லாக் கவிதையும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று நிச்சயம் இருக்கும்.

நான்காம் படி: இசைக்கு மூன்று வாசல்கள்

மெல்லிசை என்று ஆகாசவாணி சொல்வது சினிமாப் பாட்டு அல்ல. இதற்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரரின் கதை இருக்கிறது. 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கருக்குத் திரையிசை ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அது ஓரங்கட்டப்பட்டது. சினிமாப் பாட்டு இல்லாத குறையைத் தீர்க்க நிலையங்களே கவிஞர்களிடம் பாட்டு வாங்கி, தங்கள் கலைஞர்களைக் கொண்டு மெட்டமைத்துப் பாட வைத்தன. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி பிறந்ததற்கு அந்த ஓட்டமும் ஒரு காரணம். கேஸ்கர் தோற்றார். ஆனால் அவருடைய பிடிவாதத்தில் மிஞ்சிய மெல்லிசைப் பாடல்கள் உண்மையான புதையல். இசைத்தட்டாக வராதவை, படத்தில் இல்லாதவை, தேடினாலும் எளிதில் கிடைக்காதவை. பதினைந்து நிமிட மெல்லிசை நேரம் வந்தால் கையில் பேனாவோடு உட்காருங்கள்.

இரண்டாவது வாசல் நாட்டுப்புற இசை. கொல்லங்குடி கருப்பாயி சினிமாவுக்கு வருவதற்கு முன்பே வானொலி நேயர்களுக்குத் தெரிந்த குரல். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் தேடிச் சேர்த்த பாட்டுகளும் வானொலி வழியாகத்தான் பல வீடுகளுக்குள் வந்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஊர்ப்பெயர். ஒரே தாலாட்டு நாஞ்சில் நாட்டில் ஒரு மெட்டு, புதுக்கோட்டையில் வேறு மெட்டு. பாடியவர் எந்த ஊர் என்பதைக் குறிக்காமல் பாட்டை மட்டும் குறித்தால் பாதிதான் கையில் இருக்கும்.

மூன்றாவது கர்நாடக இசை. பலர் பயப்படும் வாசல். பயப்பட வேண்டாம், நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். காலை நேர அரைமணிக் கச்சேரி போதும். இரண்டு மூன்று உருப்படிகள், தெளிவான அறிவிப்பு, கூட்டத்தின் கைதட்டல் தொல்லை இல்லை. நிலைய வித்வான்கள் வாசிக்கும் வீணை, புல்லாங்குழல், வயலின் நேரங்களை நான் தனியாகத் தேடிக் கேட்பேன். இருபத்து நான்கு மணி நேரமும் வேண்டும் என்பவர்களுக்கு 2016 குடியரசு நாளில் தொடங்கிய 'ராகம்' என்ற அலைவரிசை செயலியிலேயே இருக்கிறது. தை மாதத்தையொட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது தியாகராஜர் மறைந்த நாளில், திருவையாற்றிலிருந்து அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளின் நேரடி ஒலிபரப்பு வரும். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடுவதில் சுருதி கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும். அதற்காகவே ஆண்டுதோறும் கேட்கிறவன் நான்.

சென்னை நிலையத்தின் 'இசைப் பயிற்சி' பற்றியும் ஒரு சொல். ஒரு வித்வான் மாணவர்களுக்கு ஒரு பாடலை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பதை ஒலிபரப்பும் நிகழ்ச்சி அது. பாடத் தெரியாதவரும் கேட்கலாம். ஒரு வரி பத்துமுறை திரும்ப வரும்போது, கச்சேரியில் பறந்துபோகும் ஒரு வளைவு எப்படிக் கட்டப்பட்டது என்று காதுக்குப் புரிந்துவிடும்.

ஐந்தாம் படி: அறிவிப்பைப் பிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டையும் நூலால் கட்டி ரேடியோவின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். செல்போனில் குறித்துக்கொள்கிறேன் என்பவர்கள் திரையைத் திறப்பதற்குள் அறிவிப்பு முடிந்துவிடும்.

தேதி, நேரம், நிலையம். இந்த மூன்றையும் முதலில் எழுதுங்கள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. பிறகு காதில் விழுந்த வரியை விழுந்தபடி எழுதுங்கள். அர்த்தம் வரும்படி திருத்தி எழுதாதீர்கள். பின்னால் தேடும்போது உங்கள் திருத்தம்தான் குறுக்கே நிற்கும். பெண் குரலா ஆண் குரலா, பக்கவாத்தியம் என்ன, பதிவு பழையதா (பின்னால் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தால் பெரும்பாலும் பழைய நாடா) என்று இரண்டு சொல். அறிவிப்பு நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் வரும். முன்னதைத் தவறவிட்டால் பின்னதற்குக் காத்திருக்க வேண்டும். பின்னதுதான் அவசரமாகச் சொல்லப்படும், அடுத்த நிகழ்ச்சி வாசலில் நிற்பதால்.

செயலியில் கேட்கிறீர்கள் என்றால் சொந்த உபயோகத்துக்கு இன்னொரு போனில் பதிவு செய்து வைக்கலாம். நானும் செய்ததுண்டு. ஆனால் பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் கேட்கும் கவனம் பாதி போய்விடுகிறது. நாற்பது மணி நேரப் பதிவு சேர்ந்து, ஒன்றையும் திரும்பக் கேட்கவில்லை என்று கண்டபிறகு நோட்டுக்கே வந்துவிட்டேன்.

ஆறாம் படி: துப்புத் துலக்குவது

கர்நாடக இசையில் இயற்றியவரைக் கண்டுபிடிக்கக் கடைசிச் சரணத்துக்குக் காது கொடுங்கள். அங்கே முத்திரை இருக்கும், ஓவியத்தின் மூலையில் போடும் கையெழுத்து மாதிரி. 'தியாகராஜ' என்று வந்தால் சந்தேகமே இல்லை. 'குருகுஹ' என்றால் முத்துசுவாமி தீட்சிதர். 'சியாம கிருஷ்ண' என்றால் சியாமா சாஸ்திரி. தமிழில் 'கோபாலகிருஷ்ணன்' என்று வந்தால் பெரும்பாலும் கோபாலகிருஷ்ண பாரதி. 'ராமதாசன்' என்றால் பாபநாசம் சிவனாக இருக்கலாம். இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டாலே நோட்டில் பாதிக் கேள்விக்குறிகள் அழிந்துவிடும்.

மெல்லிசைக்கு முத்திரை கிடையாது. அங்கே முதல் வரிதான் துப்பு. அறிந்த கவிஞரின் நூலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பாரதியார், பாரதிதாசன் கவிதைகளுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு மெட்டு உண்டு; கவிதை தெரிந்ததாலேயே 'இது அந்தப் பாட்டு' என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய கச்சேரிகளுக்குப் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் சேனல் நல்ல இடம். அங்கே நேரே தேடாமல், பாடியவர் பெயர் கிடைத்தபின் போனால் பலன் அதிகம்.

எதுவும் உதவவில்லை என்றால் நிலையத்துக்கே எழுதுங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தபால் அட்டை போதும்: இந்தத் தேதி, இத்தனை மணி, இந்த நிகழ்ச்சியில் வந்த பாடலின் விவரம் வேண்டும். அதனால்தான் மூன்று விவரத்தையும் முதலில் எழுதச் சொன்னேன். ஒலிபரப்பியது என்ன என்பதற்கு நிலையத்தில் அன்றைய குறிப்பு இருக்கும். "போன மாசம் ஒரு நல்ல பாட்டு போட்டீங்களே" என்று எழுதினால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சியில் உங்கள் பெயரும் ஊரும் காற்றில் வரும்போது ஏற்படும் கூச்சத்துக்கு நான் பொறுப்பல்ல.

ஏழாம் படி: கடல் தாண்டி

கரையோரத்தில் இருக்கிறீர்களா? நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் என்றால் இலங்கைப் பண்பலைகள் தானாகவே வந்து விழும், கோடையில் இன்னும் நன்றாக. மற்றவர்களுக்கு இணையம் இருக்கிறது.

இலங்கை வானொலியைப் பற்றிப் பேசினால் என் தலைமுறைக்குக் கொஞ்சம் குரல் தழுதழுக்கும், மன்னித்துவிடுங்கள். கொழும்பில் 1925-லேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 1967-ல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. 'பொங்கும் பூம்புனல்' காலைக்கு, 'இரவின் மடியில்' தூக்கத்துக்கு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டுக்குச் சமமாக ரசிக்கப்பட்டவர்கள். கதையும் இசையும் தேடுகிறவர் அறிந்துகொள்ள வேண்டிய வடிவம் அவர்களுடைய 'இசையும் கதையும்'. ஒரு சிறு கதையை வாசித்துக்கொண்டே வந்து, திருப்பத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்குப் பொருந்தும் திரைப்பாடலை ஒலிக்கவிடுவார்கள். நூறு முறை கேட்ட பாட்டுக்கு அன்று புதிதாக ஒரு சொந்தக்காரர் கிடைப்பார். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாங்கள் குடும்பத்தோடு ஒரு நீண்ட கார்ப் பயணத்தில் செய்தோம். பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் பாட்டுத் தேர்வில் கெட்டிக்காரர்கள்.

இலங்கையின் பொப் (பாப்) இசையும் ஈழத்து மெல்லிசையும் தனியாகத் தேடவேண்டியவை. நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் என்ற இரண்டு பெயர்களில் தொடங்கலாம். மலேசியாவின் மின்னல் எப்.எம்., முன்பு ரேடியோ 6 என்று அறியப்பட்டது, உள்ளூர்த் தமிழ்க் கலைஞர்களின் பாடல்களுக்காகக் கேட்க வேண்டியது. சிங்கப்பூரின் ஒலி 968-ம் அப்படியே. 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பு 2017 ஏப்ரல் கடைசியில் நின்றுவிட்டது. பழைய பதிவுகள் அகப்பட்டால் செய்திக்காக அல்ல, அதன் நெடுந்தொடர்களுக்காகக் கேளுங்கள்.

பக்கத்திலேயே சின்ன நிலையங்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 அண்ணா எப்.எம். 2004 முதல் இயங்குகிறது; வளாகத்திலிருந்து நடத்தும் சமுதாய வானொலியில் நாட்டுக்கே முன்னோடி. பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று சொல்லிவிட்டு, நடுவே மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் ஒரு அம்பாப் பாட்டு வந்தால் அது எந்தச் சபாவிலும் கிடைக்காத உருப்படி.

இனி அந்தக் குஞ்சரம். இரண்டு வருடம் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த மளிகை ரசீதில் அது கேள்விக்குறியோடு கிடந்தது. வேறொரு காலை, வேறொரு நிலையம். பாடல் முடிந்ததும் அறிவிப்பாளர் "இயற்றியவர் கோடீஸ்வர ஐயர்" என்றார். கடைசிச் சரணத்தில் 'கவிகுஞ்சரதாசன்' என்று காதில் விழுந்தது. யானை இல்லை, முத்திரை. கவிகுஞ்சர பாரதியின் பேரன் தன் தாத்தாவின் பெயரைக் கையெழுத்தாக வைத்திருக்கிறார். மேளகர்த்தா எனப்படும் எழுபத்திரண்டு தாய் ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தவர். பாட்டுக்குள்ளேயே ராகத்தின் பெயரையும் பொதிந்து வைத்துவிடுவார். அவற்றை ஊரறியச் செய்தவர்களில் முக்கியமானவர் எஸ். ராஜம், சென்னை வானொலி நிலையத்திலேயே வேலை பார்த்த பாடகர், ஓவியர்.

அதன் பிறகு அந்தக் கீர்த்தனைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சந்தில் திரும்பிய ராகத்தையும் பிடித்துவிட்டேன். ரசீதில் 'குஞ்சரம்' அடிபட்டு, பக்கத்தில் இயற்றியவர் பெயரும் ராகமும் ஏறிவிட்டன. பாடியவர் என்ற இடத்தில் மட்டும் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. அன்று தேதி எழுதவில்லை.